கத்தியில் மிச்சமிருந்த நீலம்

செப்டம்பர் 18

விதைக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் பெயர், தொழில், படிப்பு, ரத்த வகை எல்லாம் கேட்டிருந்தார்கள். இத்தனை மாதம் கழித்து இன்றுதான் நிரப்பினேன். பெயர் நாச்சிமுத்து. தொழில், கோபியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கரண்ட் வேலை, ஜெனரேட்டர் வேலை, மைக்செட் வேலை, மாப்பிள்ளையின் செருப்பு காணாமல் போனால் தேடும் வேலை. படிப்பு பத்தாவது, அதற்கு மேல் ஐ.டி.ஐ. ரத்த வகை தெரியவில்லை. வீட்டுக்காரி சாந்தாமணியைக் கேட்டேன்.

"உங்க ஒடம்புல ஓடுறது டீத்தண்ணி. அதுல என்ன வகை?" என்றாள்.

புரட்டாசி பிறந்துவிட்டதால் ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. மண்டபம் தூங்குகிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை. சும்மா இருக்கும் கை எதையாவது பிரிக்கும். மிக்சியைப் பிரிக்கலாம் என்று எடுத்தபோது சாந்தாமணி பார்த்த பார்வையில் அதை வைத்துவிட்டு, பாக்கெட்டில் இருந்த மடக்குக் கத்தியை எடுத்தேன்.

மகள் வினோதினி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்த கத்தி. கைப்பிடியின் இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு, மடக்குகிற இடத்தில் ஒரு வளையம், பாக்கெட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், நடுவில் இரண்டு சின்னக் குழாய். அத்தனையும் மயில் கழுத்து நீலம். வந்த புதிதில் வயர் சீவ மனசே வராது. இரண்டு வருடத்தில் அது வயர் சீவி, வாழைமரக் கயிறு அறுத்து, சாவிக்கொத்தோடு உரசி, நீலம் ஓரமெல்லாம் போய், சொறி பிடித்த நாய் மாதிரி ஆகிவிட்டது.

தீபாவளிக்கு வினோ வருகிறாள். "இப்பிடியா வெச்சிருக்கறீங்க?" என்று கேட்பாள். ஒன்று முழுசாக நீலம் இருக்க வேண்டும், இல்லை சுத்தமாகப் போய்விட வேண்டும். வைக்கத் தெரியாது. எடுப்பது என்று முடிவு செய்தேன்.

செப்டம்பர் 20

உப்புத்தாளில் தேய்த்தேன். கிளிப்பில் கோடு விழுந்ததே தவிர நீலம் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். கத்தியில் ரசம் வாசனை வருகிறது.

வினோவுக்குப் போன் செய்தேன். "அது பெயின்ட் இல்லீங்ப்பா, சுரண்டுனா போகாது. எங்க ஆபீஸ்ல செல்வின்னு ஒருத்தர் இருக்காரு. கத்திப் பைத்தியம். நம்பர் அனுப்பறேன், கேட்டுக்குங்க" என்றாள்.

"ஆபீஸ்காரங்களை எதுக்கு அம்மிணி தொந்தரவு பண்ணிட்டு?"

"அவருக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்ப்பா. சந்தோசப்படுவாரு."

செப்டம்பர் 21

செல்வின் தம்பியிடம் பேசினேன். நாகர்கோவில் பக்கம். நல்ல மரியாதையான பையன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் ஒரு கத்தியைப் பற்றி இவ்வளவு பேசுவார் என்று நினைக்கவில்லை.

"அது மேலே பூசினது இல்ல சார். கரண்ட் விட்டு அலுமினியத்து மேலேயே ஒரு தோல் வளர்த்து, அதுக்குள்ள சாயம் ஏத்தியிருக்கான். தோலை உரிச்சாத்தான் சாயம் போகும்."

"கரண்ட்ல வளர்த்ததுங்களா? அப்ப நம்ம சாதிதான்" என்றேன். சிரித்தார்.

கழிவறை அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அதில் போட வேண்டுமாம். பிளேடு, திருகு எல்லாம் இரும்பு, அவற்றைத் தனியாகக் கழற்றிவிட வேண்டும். கையுறை போட வேண்டும், கண்ணாடி போட வேண்டும், வெளியே காற்றாட வைத்துச் செய்ய வேண்டும். தண்ணீரில்தான் பவுடரைப் போட வேண்டும், பவுடரில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். எனக்குப் பையன் இருந்தால் ஒரு தடவைதான் சொல்லியிருப்பான், அதுவும் எரிச்சலோடு.

செப்டம்பர் 23

கையுறை போட்டேன். கண்ணாடி போட்டேன். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், காற்றாட. தண்ணீரில்தான் பவுடரைப் போட்டேன். எல்லாம் சரி. ஆனால் தண்ணீரை எதில் ஊற்றினேன் என்றால், சாந்தாமணியின் பழைய அலுமினியச் சட்டியில்.

அலுமினியத்தின் தோலை உரிக்கிற மருந்தை அலுமினியச் சட்டியிலேயே கலக்கிய ஒரே ஐ.டி.ஐ. மாணவன் நானாகத்தான் இருப்பேன். சட்டி சீறியது. நுரை பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று சொல்லலாம் என்று பார்த்தால் சட்டி கறுத்து, அடியில் வேர்த்து, கல்லின் மேல் ஒழுக ஆரம்பித்தது. பைப்பைத் திறந்து தண்ணீர் அடித்தேன். கத்திச் சாமான்களை இன்னும் போடவில்லை, நல்ல வேளை.

சாந்தாமணி வந்து சட்டியைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். அடியில் நட்சத்திரம் தெரிந்தது.

"கத்திக்கு வைத்தியம்னீங்க. சட்டிக்குக் காரியம் பண்ணிட்டீங்க."

செல்வின் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். பதறிவிட்டார். "கையில படலயே? கண்ணுல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "பிளாஸ்டிக் டப்பான்னு நான் சொல்லாம விட்டுட்டேன், என் தப்பு" என்றார். யாராவது தானாக வந்து தப்பை ஏற்றுக்கொண்டால் எனக்கு உடனே அவர்களைப் பிடித்துவிடுகிறது.

செப்டம்பர் 24

மண்டபத்தில் சேலை, பாத்திரக் கண்காட்சி. புரட்டாசியில் எங்களுக்கு இதுதான் முகூர்த்தம். சாந்தாமணிக்கு எவர்சில்வர் சட்டி ஒன்று வாங்கினேன். "இதைக் கரைக்கறதுக்கு என்ன பவுடருன்னு அந்தத் தம்பியைக் கேட்டு வெச்சுக்குங்க" என்றாள்.

செப்டம்பர் 27

வெற்றி!

பிளாஸ்டிக் டப்பாவில் கிளிப்பும் இரண்டு குழாயும் போட்டேன். பொடிப் பொடியாய்க் குமிழி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் நீலம் மை மாதிரி கழன்று மிதந்தது. வெளியே எடுத்தால் கரிய அழுக்கு. வினிகர் தொட்டு, பழைய பல் பிரஷ்ஷில் தேய்த்துக் கழுவியதும் உள்ளே வெள்ளி மாதிரி ஒரு வெண்மை. பிறந்த குழந்தையைத் துடைத்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. போட்டோ எடுத்துச் செல்வின் தம்பிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"சூப்பரா வந்திருக்கு சார்!"

"சாருங்காதீங்க தம்பி. நான் ஜெனரேட்டர் ஓட்டுறவன். அண்ணான்னு கூப்பிடுங்க."

"பாக்கலாம்" என்றார். கூப்பிடுவதில் பார்க்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 3

இப்போது தினமும் பேசுகிறோம். கத்தி ஒரு சாக்குதான். வளையத்தையும் தகட்டையும் வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறேன். முடிந்துவிட்டால் என்ன பேசுவது? சார் என்பதை விட்டுவிட்டார். அண்ணா என்றும் சொல்வதில்லை. என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரு மணி நேரம் பேசுகிறார். கெட்டிக்காரர்.

இன்று வினோ கல்யாணப் பேச்சை நானே எடுத்தேன். "உங்க ஆபீஸ்ல நல்ல பையனா, நம்ம பக்கத்துப் பையனா இருந்தாச் சொல்லுங்க தம்பி. ஏழை பாழைன்னாலும் சரி. உங்களை மாதிரி பொறுமையா இருந்தாப் போதும்."

"பாக்கேன்" என்றார். குரல் கம்மியிருந்தது. சளி என்றார்.

முதலாளி எனக்கு வாக்குக் கொடுத்திருப்பதையும் சொன்னேன். வினோ கல்யாணத்துக்கு மண்டபம் எனக்கு இனாம். "அன்னைக்கு மட்டும் நான் ஜெனரேட்டர் ரூம் பக்கமே போக மாட்டேன் தம்பி. வேற ஆளைப் போட்டுருவேன். இருவது வருசமா ஒரு கல்யாணத்துலயும் நான் தாலி கட்டுறதைப் பாத்தது இல்லீங்க. கெட்டிமேளம் கேட்டதும் எங்க கரண்ட் போயிருமோன்னு கை சுவிட்ச்சு மேலயே இருக்கும். எம் பொண்ணு கல்யாணத்துக்கு முன் வரிசைல, நடுச் சேருல உக்காருவேன். அட்சதை போடறதுக்குக்கூட எந்திரிக்க மாட்டேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். அழைப்பு துண்டாகிவிட்டது. சிக்னல் கோளாறு என்று பிறகு எழுதியிருந்தார்.

அக்டோபர் 5

யாரிடமும் சொல்லாததைச் செல்வின் தம்பியிடம் சொல்லிவிட்டேன். எனக்கு வலது காது கேட்பதில்லை. ஜெனரேட்டர் சத்தம் தின்றுவிட்டது. போனை இடது காதில்தான் வைக்கிறேன். சாந்தாமணியிடம் சொன்னால் வேலையை விடச் சொல்வாள். வினோவிடம் சொன்னால் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவாள். "நமக்குள்ள இருக்கட்டும் தம்பி" என்றேன்.

"சரி. ஆனா ஒரு டாக்டரைப் பாருங்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

வெளியாளிடம் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அவனுக்கு நம்மிடமிருந்து ஒன்றும் வேண்டியதில்லை.

அக்டோபர் 9

சாந்தாமணிக்குத் திடீர்ப் பாசம். சாப்பிடும்போது எப்போதும் அடுப்புப் பக்கம், எனக்கு வலப்புறம் உட்காருவாள். மூன்று நாளாக இடப்புறம் வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். ஐம்பத்து மூன்று வயதில் அழகு கூடிவிட்டதோ என்று கண்ணாடி பார்த்தேன். இல்லை.

அக்டோபர் 11

வினோ போனில் கத்திக் கத்திப் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் போடுகிற மாதிரி. பெங்களூரில் சத்தம் அதிகம் போல.

அக்டோபர் 13

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் யாரிடம் சொல்வது? இதுவரை சொல்லிக்கொண்டிருந்த ஆளிடமா?

மத்தியானம் பின்னால் உட்கார்ந்து டப்பாவில் வளையத்தைப் போட்டேன். சமையலறைக் கதவு எனக்கு வலப்பக்கம். சாந்தாமணி வெளியே வந்தாள். வந்தவள் அங்கேயே நின்று கேட்டிருக்கலாம். கேட்காமல், துவைக்கிற கல்லைச் சுற்றி, ஈரத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்து, இடப்பக்கம் வந்து குனிந்து, "டீ வெக்கட்டுங்களா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டீ வேண்டுமா என்று கேட்பதற்கு இப்படி ஒரு பிரதட்சணமா? பாதிச் சிரிப்பில் உறைத்தது.

"எதுக்கு சாந்தாமணி இப்பிடிச் சுத்திட்டு வந்தே?"

"எங்க சுத்துனேன்?"

"இந்தப் பக்கம் வந்து எதுக்குப் பேசறே?"

தரையைப் பார்த்தாள். "அந்தக் காதுதான் கேக்காதுங்களே."

"ஆரு சொன்னா?"

"வினோ."

"வினோவுக்கு ஆரு சொன்னா?"

கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, சத்தம் போடாதீங்க."

"நான் இன்னும் போடவே இல்லையே."

அப்புறம் சொன்னாள். நிறுத்தாமல், ஒப்பிப்பது மாதிரி. எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாளோ. செல்வினும் வினோவும் ஆனி மாதம் பெங்களூரில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார்களாம். இவளும் போயிருந்தாளாம்.

"நீ எப்பப் போனே?"

"சேலத்துல அக்காளைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனனே, அன்னைக்குத்தானுங்க."

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு இவளைக் கூட்டிப்போனது நான். கூட்டமாக இருந்தது. சேலம் பஸ் வந்து நிற்பதற்குள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுச் சீட்டுப் பிடித்தேன். வழியில் கொறிக்கக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பஸ் கிளம்பியதும் கை காட்டினேன்.

என் பெண்ணின் கல்யாணத்துக்கு நான் செய்த வேலை அதுதான். துண்டு போட்டது.

"கத்தி? இதெல்லாம் ஆரோட யோசனை?"

"கத்தியே அவரு பாத்து வாங்குனதுதானுங்க. உங்களுக்குப் புடிக்கும்னு வினோகிட்ட அப்பவே குடுத்துவிட்டாரு. நீங்க நீலத்தை எடுக்கோணும்னு கேட்டதும், இதுதான் சமயம், அவரு பேசிப் பழகட்டும், உங்களுக்குப் புடிச்சுப் போச்சுன்னா தீபாவளிக்குக் கூட்டிட்டு வந்து சொல்லிக்கலாம்னு..."

"புடிச்சுத்தான் போச்சு" என்றேன்.

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. டப்பா ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். நீலம் எப்போதோ போய், வளையத்தையே மருந்து தின்றிருந்தது. தகரத்தாள் கணக்காய் மெலிந்து, முகமெல்லாம் அம்மைத் தழும்பு.

கழுவித் துடைத்து வைத்தேன். அந்த டீயை அவளும் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 14

ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

அக்டோபர் 15

இருக்கிறது.

அவர்கள் வேற ஊர், வேற சாமி என்று எனக்குக் கோபமா? யோசித்துப் பார்த்தேன். முன்னாலேயே வந்து கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா? மாட்டேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். சத்தம் போட்டிருப்பேன். சாப்பிடாமல் படுத்திருப்பேன். அப்புறம் பசி தாங்காமல், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பழையது கரைத்துக் குடித்திருப்பேன். அவள் பேசாமல் இருப்பாள். நானும் பேசாமல் இருப்பேன். சாந்தாமணி நடுவில் தூது போவாள். கடைசியில் ஒரு நாள், "அந்தப் பையன் என்ன வேலை பாக்கறான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டிருப்பேன். மண்டபத்தில் எத்தனை அப்பன்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் இந்த வழியாகத்தான் வந்து முன் வரிசையில் உட்காருகிறார்கள்.

எனக்கு அந்த வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். இவன் மாட்டேன் என்பான் என்று அவர்களே சொல்லிக்கொண்டு, அவர்களே அதற்குச் சமாதானமும் செய்திருக்கிறார்கள். என் கோபத்தை எனக்குத் தெரியாமல் வேறு ஆள் பட்டு முடித்த மாதிரி இருக்கிறது.

இதைவிடக் கேவலம், அவரை எனக்குப் பிடித்தது. யாரும் சொல்லாமல், நானாகப் பிடித்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மாட்டுக்குப் பிண்ணாக்கைக் காட்டிக் காட்டிக் கொட்டகைக்கு நடத்துவது போல நடத்தியிருக்கிறார்கள். மாடாவது கொட்டகையைப் பார்த்ததும் நிற்கும். நான் கூடவே ஜோக்கும் சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன்.

அக்டோபர் 19

ஐப்பசியின் முதல் முகூர்த்தம். கெட்டிமேளம் நேரத்தில் கரண்ட் போகவில்லை. கை சுவிட்ச்சின் மேலேயே இருந்தது.

பந்தி முடிந்ததும் முதலாளி தோளைத் தட்டி, "என்னப்பா நாச்சி, அடுத்த வருசத்துக்குள்ள உம் பொண்ணுக்கு நம்ம மண்டபத்துல போட்டரலாமா?" என்றார். "பாக்கலாமுங்க" என்றேன். ஆக, பொய் சொல்கிறவர்கள் பட்டியலில் நானும் சேர்ந்தாயிற்று.

அக்டோபர் 25

செல்வினிடமிருந்து அழைப்பு, குறுஞ்செய்தி. எடுக்கவில்லை, படிக்கவில்லை. வினோவிடம் பேசினேன். "நல்லா இருக்கறயா? மழையா அங்க?" என்றேன். என் வாயில் 'அம்மிணி' வரவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

சாந்தாமணியோடு சண்டை இல்லை. சண்டை போட ஆசையாக இருக்கிறது. ஆரம்பித்தால் கடலை மிட்டாயில் வந்து நின்றுவிடுகிறது. அந்த மிட்டாயை அவள் தின்றாளா என்று கேட்கத் தோன்றுகிறது. தின்றேன் என்று சொன்னால் தாங்காது. தின்னவில்லை என்று சொன்னாலும் தாங்காது.

"அவ அழுதுட்டே கேட்டா, நான் என்னுங்க பண்றது?" என்றாள் இன்று, நான் கேட்காமலே.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க மாட்டேன்னிருப்பீங்க."

"இருப்பேன். அதுக்கு?"

அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

நவம்பர் 1

தகடு இரண்டையும் இன்று உரித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. நேரம் பார்த்து எடுத்தேன், நன்றாக வந்தது. போட்டோ எடுத்துவிட்டு, அனுப்ப ஆள் இல்லாமல் அழித்தேன். கத்தியை மறுபடி மாட்டிப் பூட்டினேன். வளையம் மெலிந்துவிட்டதால் பிளேடு ஆடுகிறது.

நவம்பர் 8

தீபாவளி. காலையில் இருவரும் வந்து இறங்கினார்கள்.

என்ன செய்வது என்று பல நாளாக யோசித்ததில் எதுவும் கை கொடுக்கவில்லை. கடைசியில் இருபது வருடப் பழக்கம்தான் வாய்க்கு வந்தது. வாசலில் நின்று கை கூப்பி, "வாங்க வாங்க. பிரயாணம் எல்லாம் சவுரியமுங்களா? உக்காருங்க. காபி வரும்" என்றேன். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிடுகிற அதே குரல். முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் சொன்னது.

வினோ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னையத் திட்டுங்கப்பா" என்றாள்.

"எதுக்குங்க திட்டறது? பண்டிகை நாளும் அதுவுமா."

அந்த 'ங்க'வில் அவள் உடைந்துவிட்டாள். நான் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

செல்வின் நான் நினைத்ததைவிட ஒல்லி. கண்ணாடி போட்டிருக்கிறார். போனில் கேட்ட குரலுக்கு இந்த முகம் பொருந்துவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்து நீட்டினார். "வளையம். அத்தை சொன்னாங்க, போயிட்டுன்னு. இதே அளவுதான்."

"வேண்டாமுங்க. ஆடிட்டே இருக்கட்டும்."

கையை மடக்கிக்கொண்டார். தெருவில் சரவெடி முடியும் வரை காத்திருந்தோம். அப்புறம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"நான் உங்ககிட்டப் பேசறப்ப, இவ பக்கத்துல இருப்பாளா?"

அவர் வினோவைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். "ஸ்பீக்கர்ல போடச் சொல்லிக் கேட்டுட்டு இருப்பனுங்ப்பா. தினமும். நீங்க எங்கிட்ட அப்பிடிச் சிரிச்சுப் பேசுனதே இல்லை. முன் வரிசைல உக்காருவேன்னு சொன்னீங்களே, அன்னைக்குச் சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தேன். அழுகை வந்துருச்சு. நான்தான் போனை ஆஃப் பண்ணுனேன்."

"காது விசயமும் கேட்டியா?"

"அவரு யாருகிட்டயும் சொல்லலீங்ப்பா. நானே கேட்டதுதான்."

அதுதான் எனக்குக் கடைசி அடி. அவர் என் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். காப்பாற்றியவர் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போனது. இந்த வீட்டில் என் கையில் எதுதான் மிச்சம் இருக்கிறது?

அப்போதுதான் அது வாயில் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை.

"தம்பி, நீங்க எங்கிட்ட இன்னும் பொண்ணே கேக்கலையே."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கேளுங்க."

"அதான் கல்யாணம்..." என்று சாந்தாமணி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. கேளுங்க தம்பி."

அவர் எழுந்து நின்றார். பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "வினோவை எனக்குக் கட்டித் தருவீங்களா... மாமா?" என்றார். நடிப்பில்லை.

"மாட்டேன்" என்றேன்.

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது. எத்தனை நாளாக அங்கே நின்றிருந்த சொல்!

வினோ விக்கினாள். செல்வின் நின்றபடியே இருந்தார். உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை அவருக்கு.

"சரிங்க. எல எடுத்துப் போடு சாந்தாமணி, இட்லி ஆறுது" என்றேன்.

நவம்பர் 9

இன்று அவராகவே கேட்டார், காலையில், பல் விளக்கிவிட்டு வந்ததும். மாட்டேன் என்றேன். பக்கத்துத் தெருவில் கேட்டிருக்கும்.

சாந்தாமணி என்னைப் பின்னால் கூட்டிப்போய், இடப்பக்கம் நின்று, "இது என்னுங்க கூத்து? அவுங்க புருசன் பொண்டாட்டி. நீங்க மாட்டேன்னா என்ன ஆகப் போகுது?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது. அதனாலதான் சொல்றேன்."

சாயந்திரம் பஸ் ஏற்றிவிட்டேன். வினோ காலைத் தொட வந்தாள். நகர்ந்துகொண்டேன். அப்புறம் பஸ் கிளம்பி வெகுதூரம் போகும் வரை அங்கேயே நின்றேன். இரண்டும் நான் செய்ததுதான்.

நவம்பர் 10

போனில் கேட்டார். மாட்டேன்.

நவம்பர் 12

நேற்றும் இன்றும் கேட்டார். மாட்டேன், மாட்டேன். "சாப்பிட்டீங்களா?" என்றேன். "ஆச்சு" என்றார். இன்று வினோ வாங்கிப் பேசினாள். "எப்பத்தானுங்ப்பா சரிம்பீங்க?" என்றாள். "தெரியலை கண்ணு" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. 'கண்ணு' தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகு எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 15

முகூர்த்த நாள். ஜெனரேட்டர் இரண்டு தடவை மக்கர். எண்ணெய்க் கையோடு வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். அழைப்பு இல்லை. குளித்துவிட்டுப் பார்த்தேன். இல்லை. சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு பார்த்தேன். சாந்தாமணி மோர் ஊற்றினாள்.

அலுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததுதானே, வாழ்ந்துகொண்டிருக்கிறவர்களுக்கு வேலை இருக்கும். கிழவனின் 'மாட்டேன்' எத்தனை நாளைக்கு?

கை கழுவிவிட்டு நானே கூப்பிட்டேன்.

"ஏன் தம்பி, இன்னைக்குக் கேக்கலையா?"

"கேட்டா மாட்டேன்னுதானே சொல்லுவீங்க" என்றார். களைத்த குரல்.

"ஆமா. அதுக்கு?"

மறுமுனையில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். இருக்கட்டும், இன்று தெரிந்தே பேசுகிறேன்.

செல்வின் தொண்டையைச் செருமினார். முதல் நாள் மாதிரியே, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

மாட்டேன் என்றேன்.